கரண்ட் கணக்கு படிக்கத் தெரிந்தவர்

திருத்தணி பக்கத்து ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரர்களில் பலர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் முதலாளி தருவார். நெய்பவர் கைக்காசு போடவேண்டியது ஆள் கூலி, ரிப்பேர், கரண்ட். இந்த மூன்றில் பேரம் பேசவே முடியாதது கரண்ட்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையில் ஓடினால் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும். நான்கு தறிக்கு 3 யூனிட். நாளுக்கு 10 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் ஓட்டினால் 1,500 யூனிட். 2023 மார்ச்சிலிருந்து விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம். அதற்கு முன் 750. மிச்சம் 500 யூனிட்டுக்குக் காசு. ஐந்தாவது தறியைப் போட்டால் கணக்கு 1,500-ஐத் தாண்டும், யூனிட் விலையும் அடுத்த படிக்கு ஏறும். தறி வாங்கக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் முன் இந்தப் படியையும் ஒருவர் யோசித்தாக வேண்டியிருக்கிறது.

அந்தப் படியை வைத்தது யார்? ஊரில் கேட்டால் 'இ.பி.காரன்' என்பார்கள். சட்டப்படி விலை வைப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின் பகிர்மானக் கழகம் செலவுக் கணக்கைக் காட்டி மனுப் போடும். ஆணையம் மக்கள் கருத்தைக் கேட்டு உத்தரவு போடும். இலவச யூனிட்டுக்கான பணத்தை, 2003 மின்சாரச் சட்டத்தின் 65-வது பிரிவுப்படி, மாநில அரசு முன்கூட்டியே கழகத்துக்குக் கட்டவேண்டும். இலவசம் என்றாலும் யாரோ ஒருவர் பில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த மனு லேசில் படிக்கிற சமாச்சாரம் இல்லை. எங்கிருந்து எத்தனை ரூபாய்க்கு மின்சாரம் வாங்கினார்கள், வழியில் எவ்வளவு இழப்பு, கடனுக்கு வட்டி எவ்வளவு என்று பக்கம் பக்கமாக அட்டவணை. இதைத் தயாரித்துக் கொடுப்பதும், எதிர்த்தரப்புக்காகக் குடைந்து ஓட்டை கண்டுபிடிப்பதும் ஒரு தொழில். எரிசக்திச் சந்தை, கொள்கை ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டில் இருக்கும். மின்பொறியியல் படித்தவர், பொருளாதாரம் படித்தவர், வக்கீல் என்று எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். இதற்கென்றே ஒரு தனிப் படிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1998-க்கு முன் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கே நாடு முழுமைக்குமான சட்டம் இல்லையே.

வேலையின் இன்னொரு பாதி சந்தை. 2008 ஜூனில் இந்திய எரிசக்திப் பரிமாற்றகம் தொடங்கியது. பூ மார்க்கெட் ஏலம் போலத்தான், ஆனால் ஒரு நாளுக்கு 96 ஏலம்: பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விலை. நாளைய மின்சாரத்துக்கு இன்று முற்பகலிலேயே விலை கேட்கவேண்டும். நாளை மேகம் போடுமா, ஆரல்வாய்மொழியில் காற்று எப்போது ஏறும், மாலையில் எத்தனை ஏ.சி. ஓடும் என்பதையெல்லாம் முன்னாலேயே கணித்திருக்கவேண்டும். தவறினால் விலகலுக்கு அபராதம். சூரிய ஒளி கொட்டும் நடுப்பகலில் சில நாள் யூனிட் 2 ரூபாய்க்கும் கீழே போகிறது. அதே நாள் மாலை ஏழு மணிக்கு உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. அந்த வரம்பு இல்லாவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ.

இந்தத் தொழிலின் அருமை தமிழ்நாட்டுக்குப் புரிந்தது 2012 வாக்கில். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பல ஊர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். தறி பாதியில் நின்று மறுபடி ஓடினால் அந்த இடத்தில் துணியில் பட்டை விழும், கூலியில் பிடித்தம். அப்போது வடக்கே மின்சாரம் இருந்தது, விலையும் மலிவு. கொண்டுவரப் போதுமான லைன் இல்லை. ஒரே சந்தையில், ஒரே பதினைந்து நிமிடத்துக்கு, வடக்குக்கு ஒரு விலையும் தெற்குக்கு அதைவிட மிக உயர்ந்த விலையும் விழுந்தன. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கு மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அதன் பின் புதுப் பாதைகள் கூடக் கூட, இந்த இடைவெளி படிப்படியாகக் குறைந்தது. பற்றாக்குறை என்று எல்லாரும் ஒரே சொல்லில் முடித்ததை, உற்பத்தி எவ்வளவு, லைன் எவ்வளவு, வாங்கக் காசு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் மருந்து தெரியும். ஆலோசகருக்குச் சம்பளம் இந்தப் பிரிப்புக்குத்தான்.

அடுத்து, சம்பளம் கொடுப்பது யார் என்பது. பெரிய நூற்பாலை ஆலோசகரை வைத்து, காற்றாலைக் கம்பெனியில் மற்ற ஆலைகளோடு சேர்ந்து 26 சதவீதப் பங்கு வாங்கி, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, 'சொந்த உற்பத்தி' என்ற கணக்கில் கூடுதல் கட்டணத்திலிருந்து தப்பிக்கிறது. 2005 மின்சார விதிகள் அனுமதிக்கும் வழி. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு தறிக்காரருக்கு அந்த வழி திறக்காது. அவருக்கென்று மனுவைப் படிக்க யாரும் ஃபீஸ் வாங்கிக்கொண்டு உட்காருவதும் இல்லை.

பொதுமக்கள் பக்கம் உட்கார்ந்து படித்தவர்கள் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிர மின்வாரியம் 1993-ல் அமெரிக்கக் கம்பெனியான என்ரானின் தபோல் மின்நிலையத்தோடு ஒப்பந்தம் போட்ட பின், ஐ.ஐ.டி. மும்பையில் படித்த கிரிஷ் சந்த் என்பவரும் நண்பர்களும் அதன் கணக்கை வரிவரியாகப் பார்த்து, இது வாரியத்தைத் திவாலாக்கும் என்று எழுதினார்கள். 2001-ல் அந்த மின்சாரத்தை வாங்கக் கட்டுப்படியாகாமல் நிலையமே நின்றது. 2012-ல் காலமான அவர் தொடங்கிய புணேயின் 'பிரயாஸ்' குழு இன்றும் இதே வேலையில் இருக்கிறது. சென்னையில் சி.ஏ.ஜி. என்ற நுகர்வோர் அமைப்பு மின்கட்டண விவகாரங்களைக் கவனிக்கிறது.

ஆர்.கே.பேட்டைக்கு இந்தக் கணக்கைப் படிப்பதில் ஒரு விசேஷ வசதி உண்டு. ஆந்திர எல்லையைத் தாண்டினால் நகரி. அங்கேயும் விசைத்தறிதான், பேச்சில் பாதி தமிழ்தான். ஆனால் வேறு மின்கம்பெனி, வேறு ஆணையம், வேறு ஸ்லாப். 2025-ல் ஆந்திர அரசும் தறிகளுக்கு இலவச மின்சாரம் அறிவித்தது. இரண்டு ஊர் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எந்த ஆலோசகரும் டெல்லி அறையில் உட்கார்ந்து இதைவிடத் தெளிவான ஒப்பீட்டைத் தயாரிக்க முடியாது.

எட்டு வருடம் ஏற்றாமல் விட்ட கட்டணத்தை 2022 செப்டம்பரில் ஏற்றினார்கள். அதற்கு முன் ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. யார் வேண்டுமானாலும் போய்த் தமிழிலேயே பேசலாம். விசைத்தறிக்காரர்கள் தொடர்ந்து போராடியதில் அடுத்த மார்ச்சில் உயர்வில் ஒரு பகுதி குறைந்தது. 2022 உத்தரவின்படி 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீடு அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணத்தைத் திருத்தலாம். 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசு தானே ஏற்றுக்கொண்டது. 2026-27 முடிந்ததும் புது மனு வரும், புது அட்டவணைகள் வரும். திருத்தணியில் ரயில் ஏறினால் சென்னைக் கூட்டத்துக்குக் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்; கையில் ஒரு வருடக் கரண்ட் பில் ஆறும் கால்குலேட்டரும் இருந்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.