குறைத்த எடை திரும்பாமல் இருக்க

உடல் எடையைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்த எடையைக் காப்பது இன்னொரு வேலை. முதல் வேலையைப் பலர் நன்றாகவே செய்து முடிக்கிறார்கள். இரண்டாவது வேலையில்தான் தடுமாறுகிறார்கள். நான்கு மாதம் பாடுபட்டுக் குறைத்த எடை, ஓராண்டுக்குள் மெல்லத் திரும்பி வந்துவிடுகிறது. “என் உடம்பு வாகே இப்படித்தான்” என்று சொல்லி முயற்சியை விட்டுவிடுகிறார்கள்.

எடை ஏன் திரும்பி வருகிறது? அதைத் தடுக்க முடியுமா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

நம் நாட்டிலும் எடை ஒரு பிரச்சினையா?

நம் நாட்டில் போதிய உணவு இல்லாமல் மெலிந்தவர்கள் இன்றும் உண்டு. அதே ஊரில், சில சமயம் அதே வீட்டில், எடை கூடியவர்களும் உண்டு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு இதைக் காட்டியது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100 பேரில் 19 பேர் மெலிந்திருந்தார்கள். 24 பேர் எடை கூடியிருந்தார்கள். ஆண்களில் 100க்கு 23 பேர் எடை கூடியிருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஆய்வில் இந்த எண்கள் பெண்களில் 21, ஆண்களில் 19 என்று இருந்தன.

இது எப்படி நேர்ந்தது? முன்பு நடந்து போனோம். இப்போது வண்டியில் போகிறோம். முன்பு மாவு இடித்தோம், நீர் இறைத்தோம். இப்போது இயந்திரம் செய்கிறது. உழைப்பு குறைந்தது. எண்ணெயும் சர்க்கரையும் பொட்டலத் தின்பண்டமும் கூடின.

கூடிய எடை நோயை அழைத்து வருகிறது. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு, முழங்கால் வலி ஆகியவற்றுக்கு அது துணை போகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறியது. வீட்டில் சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் கூலி போகிறது, மருந்துச் செலவும் வருகிறது. எனவே இது அழகு பற்றிய பேச்சு அல்ல. குடும்பத்தின் பிழைப்பு பற்றிய பேச்சு.

ஒரு கயிறு போதும்

எடை கூடுதலா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிற்றை இடுப்பைச் சுற்றி, தொப்புள் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். இரு முனைகளும் எளிதில் சேர்ந்தால் நல்லது. சேராமல் இடைவெளி விழுந்தால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று பொருள்.

நாடாவால் அளந்தால், இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நம் நாட்டு மக்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் இயல்பு அதிகம். ஆகவே இடுப்பை அளப்பது முக்கியம்.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

பலர் இங்கேதான் தவறான கணக்குப் போடுகிறார்கள். “கல்யாணத்தின்போது 50 கிலோ இருந்தேன். அதே எடைக்கு வர வேண்டும்” என்று தொடங்குகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. 100 பங்கில் 5 முதல் 7 பங்கு குறைத்தாலே பெரிய பலன் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. தையல் தைக்கும் ஒரு பெண்ணின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவர் 65 கிலோவுக்கு வந்தால் போதும். அதுவே அவருக்கு முதல் இலக்கு.

5 கிலோவில் என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். முழங்கால் வலி உள்ள முதியவர்களிடம் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது என்று அது கண்டது. அப்படியானால் 5 கிலோவுக்கு 20 கிலோ பாரம் குறையும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி நடக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

எடையை மெதுவாகக் குறைப்பதே நல்லது. மாதம் ஒன்று முதல் இரண்டு கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். உடல் சோர்ந்துவிடும்.

எடை ஏன் திரும்பி வருகிறது?

மனித இனம் பல்லாயிரம் ஆண்டுகள் பஞ்சத்தைப் பார்த்து வளர்ந்தது. பஞ்ச காலத்தில் பிழைக்க உடல் ஒரு வழியைக் கற்று வைத்திருக்கிறது. எடை இறங்கினால் ‘பஞ்சம் வந்துவிட்டது’ என்று அது எடுத்துக்கொள்கிறது. நாம் விரும்பித்தான் குறைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. எனவே இரண்டு வேலைகளைச் செய்கிறது.

ஒன்று, செலவைக் குறைக்கிறது. சிறிய உடலுக்குச் சிறிய தீனி போதும். எடையில் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் நாள்தோறும் தேவைப்படும் உணவுச் சக்தி 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. 5 கிலோ குறைந்தவருக்கு நாளுக்கு 100 முதல் 150 கலோரி குறைவாகவே தேவைப்படும். அது ஏறக்குறைய ஒன்றரை ரொட்டி. அவர் பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் அந்த ஒன்றரை ரொட்டி கொழுப்பாகிச் சேரும்.

இரண்டு, பசியைக் கூட்டுகிறது. நம் உடலில் உள்ள கொழுப்பு, ‘போதும்’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கொழுப்பு குறைந்தால் அந்தச் செய்தியும் குறைகிறது. இரைப்பையோ ‘பசிக்கிறது’ என்ற செய்தியைக் கூடுதலாக அனுப்புகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசி கூடுதலாகவே இருந்ததை அது காட்டியது.

ஆகவே எடை திரும்பினால் அவர் பேராசைக்காரர் என்று ஏசக் கூடாது. தம்மையே நொந்துகொள்ளவும் கூடாது. உடல் தன் வேலையைச் செய்கிறது. நாம் நம் வேலையைச் செய்ய வேண்டும்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. நான்கு மாதத்துக்கு மட்டும் செய்யக்கூடிய எதையும் தொடங்க வேண்டாம். நாற்பது ஆண்டு செய்யக்கூடியதை மட்டும் தொடங்குவோம்.

சமையலறையில் என்ன செய்யலாம்?

ஒருவர் நாளுக்கு நான்கு முறை தேநீர் குடிக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு சிறு கரண்டி சர்க்கரை. மொத்தம் 8 கரண்டி, அதாவது 40 கிராம். இதில் 160 கலோரி இருக்கிறது. ஒரு மாதத்தில் இது ஒரு கிலோவுக்கு மேல் சர்க்கரை! கரண்டியைப் பாதியாக்கினால் நாளுக்கு 80 கலோரி மிச்சம். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

எண்ணெய் நிறையச் சக்தி தரும் பொருள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஒரு கிராம் மாவுப் பொருளில் 4 கலோரிதான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டர். மாதத் தொடக்கத்தில் டப்பாவில் ஊற்றி வைத்து, மாதக் கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். கையால் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் எடுத்து ஊற்றுங்கள்.

தட்டில் பாதி காய், கீரை, பழம் இருக்கட்டும். மீதிப் பாதியில் சோறு அல்லது ரொட்டியும், பருப்பு, முட்டை, மீன், தயிர் போன்றவையும் இருக்கட்டும். கீரையும் பருப்பும் வயிற்றில் நெடுநேரம் நிற்கும். பசியை அடக்கும். கூடுகிற பசிக்கு இதுவே சரியான பதில்.

இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள். மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் தாங்களே சாப்பிட்டுவிடுகிறார்கள். பசிக்கு மேல் சாப்பிட்ட அந்த இரண்டு கவளம் தினமும் சேர்கிறது. அளவாகச் சமைத்தால் மிச்சம் இருக்காது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. எடை குறைப்பவருக்குத் தனிச் சமையல் வேண்டாம். குடும்பம் முழுவதும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைக்கட்டும். தனியாளாக ஒருவர் கட்டுப்பாட்டில் இருப்பது நெடுநாள் நடக்காது.

நடையின் பங்கு

ஒரு மணி நேர நடையில் ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி செலவாகும். ஒரு பெரிய சமோசா அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எனவே நடையை மட்டும் நம்பி எடை குறைப்பது கடினம். ஆனால் குறைத்த எடையைக் காப்பதில் நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

13 கிலோவுக்கு மேல் குறைத்து, அதை ஓராண்டுக்கு மேல் காத்தவர்களின் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்த பழக்கங்கள் எவை? பெரும்பாலோர் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலுக்கு வேலை கொடுத்தார்கள். அதில் நடையே முதலிடம். காலை உணவைத் தவறவிடவில்லை. தொலைக்காட்சி முன் உட்காருவதைக் குறைத்தார்கள். 4 பேரில் 3 பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்த்தார்கள்.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வும் தைரியம் தருகிறது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையையும் உணவு ஒழுங்கையும் கடைப்பிடித்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை அதிகம் இறங்கவில்லை. தராசு முள் நகராத மாதத்திலும் நடை தன் பலனைத் தருகிறது.

நோட்டுப் புத்தகம் ஒரு காவலாளி

எழுதப் படிக்கக் கற்றவருக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு நோட்டில் வாரம் ஒரு முறை தேதியையும் எடையையும் எழுதி வையுங்கள். ஒரே கிழமை, ஒரே தராசு, காலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தராசு இல்லாவிட்டால் சுகாதார நிலையத்தில் பார்க்கலாம். அதுவும் முடியாதபோது அதே கயிற்றால் இடுப்பை அளக்கலாம்.

நாம் பார்த்த தையற்காரப் பெண்ணின் நோட்டு இப்படி இருக்கலாம்:

தீபாவளிக்கு முன் – 65 கிலோ
தீபாவளிக்குப் பின் – 66 கிலோ
தம்பி கல்யாணம் முடிந்து – 67 கிலோ

இலக்கை விட 2 கிலோ ஏறியதும் அவர் விழித்துக்கொள்ள வேண்டும். தேநீர்ச் சர்க்கரை, எண்ணெய், மாலை நடை மூன்றையும் சரிபார்க்க வேண்டும். 2 கிலோவை இறக்குவது எளிது. 7 கிலோ ஆகும் வரை விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பண்டிகையில் பலகாரம் தின்பது தவறில்லை. பண்டிகை முடிந்த பிறகும் பலகார டப்பா காலியாகாமல் இருப்பதுதான் ஆபத்து.

எச்சரிக்கைகள்

கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாங்களாக எடை குறைக்கக் கூடாது. பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், உணவைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். காசநோயோ சர்க்கரை நோயோ இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

‘பத்து நாளில் பத்து கிலோ’ என்று விற்கும் பொடியையும் பெல்ட்டையும் வாங்கிப் பணத்தை இழக்காதீர்கள். எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025இல் நம் நாட்டுச் சந்தைக்கு வந்தன. அவை மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியவை அல்ல. வந்த புதிதில் விலையும் அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட மருந்து ஒன்றை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மருந்து எடுத்தாலும் பழக்கம் மாற வேண்டும்.

30 வயது கடந்தவர்களுக்கு அரசு நலவாழ்வு மையங்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள்.

வயலில் ஒரு முறை களை எடுத்தால் போதுமா? போதாது. களை மீண்டும் முளைக்கும். அதற்காக யாரும் வயலை விட்டு ஓடுவதில்லை. முளைத்ததும் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குகிறார்கள். எடையைக் காப்பதும் அப்படித்தான்.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாகிறது? ஆளுக்கு எவ்வளவு வருகிறது?
2. எடை குறைந்த பிறகு உணவுத் தேவை ஏன் குறைகிறது?
3. உங்கள் ஊரில் பெண்கள் அச்சமின்றி நடக்க இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் யாரிடம் கேட்கலாம்?
4. கயிற்றால் இடுப்பை அளந்து பாருங்கள். இன்றைய தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.