நாள்பட்ட குண்டுதான் எமன்! ராணுவ வெடிமருந்து கிடங்கில் காப்பது, ஏற்றுவது, அழிப்பது எப்படி?

மகாராஷ்டிர மாநிலம் வார்தா மாவட்டத்தில் புல்காவ் என்று ஒரு ஊர். நாட்டின் மிகப்பெரிய ராணுவ வெடிமருந்து கிடங்கு அங்கேதான் இருக்கிறது.

2016-ம் ஆண்டு மே மாதம் 31-ந்தேதி அதிகாலை. ஊரே தூங்கிக்கொண்டு இருந்த நேரத்தில் கிடங்கின் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. தகவல் தெரிந்ததும் ராணுவ அதிகாரிகளும், தீயணைப்பு ஊழியர்களும் அணைக்க ஓடினார்கள். அவர்கள் நெருங்கிய சமயத்தில் பயங்கர சத்தத்துடன் வெடித்தது. 2 அதிகாரிகள் உள்பட 19 பேர் பலியானார்கள். சுற்றியுள்ள கிராம மக்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர்.

எதிரி விமானம் குண்டு போட்டதா? இல்லை. தீவிரவாதிகள் கைவரிசையா? அதுவும் இல்லை. பிறகு எப்படி?

அங்கே அடுக்கி வைத்திருந்த டாங்கி எதிர்ப்பு கண்ணிவெடிகளில் இருந்து டி.என்.டி. மருந்து கசிந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது.

குண்டுக்கும் வயசாகும்

குண்டு என்றால் திரியை பற்ற வைத்தால்தான் வெடிக்கும், சும்மா கிடந்தால் ஒன்றும் செய்யாது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது தப்பு. வீட்டில் வாங்கி வைத்த மாத்திரைக்கு காலாவதி தேதி இருப்பது போல குண்டுக்கும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், பழைய மாத்திரை வீரியம் குறையும். பழைய குண்டுக்கு சில சமயம் கோபம் கூடும்.

தரம் குறைந்த டி.என்.டி.யில் வேறு கலப்பு இருக்கும். வெயில் ஏற ஏற அந்த கலப்பு எண்ணெய் மாதிரி உருகி வெளியே வழியும். வழிந்தது திருகாணி இடுக்கில், மூடி ஓரத்தில் உறைந்து விடும். பிறகு பெட்டியை நகர்த்தும்போது ஏற்படும் சிறு உரசலே போதும்.

பீரங்கி குண்டை தள்ளிவிடும் மருந்து இன்னொரு ரகம். நம்ம நீலகிரி மாவட்டம் அருவங்காட்டில் நூறாண்டு கடந்த கார்டைட் தொழிற்சாலையில் தயாராவது இந்த ரகம்தான். இது தானாகவே மெல்ல மெல்ல சிதையும். சிதையும்போது சூடும், ஒருவித அமில வாயுவும் வரும். அதை உறிஞ்சிக்கொள்ள ஒரு காப்பு ரசாயனத்தை தயாரிக்கும்போதே கலந்து விடுகிறார்கள். வருடங்கள் ஓட ஓட காப்பு ரசாயனம் தீர்ந்து விடும். தீர்ந்தது தெரியாமல் விட்டால், ஒருநாள் தானாகவே பற்றிக்கொள்ளும்.

அதனால்தான் கிடங்கில் இருந்து அவ்வப்போது மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். சோதனையில் தேறாத சரக்கை உடனே தனியாக பிரித்து, அழிக்க அனுப்ப வேண்டும். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்ற பேச்சுக்கே இங்கு இடம் கிடையாது.

யார் பக்கத்தில் யார்?

கிடங்கில் முதல் விதி, சேரக்கூடாததை சேர்க்காதே என்பது.

உலகம் முழுக்க வெடிபொருட்களை 6 பிரிவாக பிரித்து இருக்கிறார்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிப்பது முதல் பிரிவு. துண்டு துண்டாக சிதறி பறப்பது 2-வது. வெடிப்பதை விட கொழுந்து விட்டு எரிவது 3-வது. இப்படி போகிறது. இது தவிர, எதை எதோடு வைக்கலாம் என்பதற்கு 13 ஆங்கில எழுத்துக்களில் தனியாக ஒரு பட்டியல் இருக்கிறது.

உதாரணத்துக்கு, டெட்டனேட்டரை குண்டு இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. நெருப்பு பெட்டியையும், பெட்ரோல் கேனையும் ஒரே அலமாரியில் வைப்பது போலத்தான் அது. வெள்ளை பாஸ்பரஸ் குண்டு இன்னும் மோசம். 44 டிகிரி வெப்பத்தில் அது உருகி விடும். கசிந்து காற்று பட்டால் தானாக தீப்பிடிக்கும். அதனால் அதற்கு தனி அறை, பக்கத்திலேயே தண்ணீர் தொட்டி.

கட்டிடங்களின் சுவரில் பெரிய அடையாள பலகை இருக்கும். எண்கோணம், பெருக்கல் குறி, தலைகீழ் முக்கோணம், வைர வடிவம் என்று பல நாட்டு ராணுவங்களில் 4 வடிவங்கள் உண்டு. தூரத்தில் இருந்து பார்த்தாலே, அணைக்க போகலாமா, திரும்பி ஓட வேண்டுமா என்பது தீயணைப்பு வீரருக்கு புரிந்து விடும். எண்கோணம் போட்ட கட்டிடத்தில் தீ சரக்கை தொட்டு விட்டால் வீரம் காட்டக்கூடாது. விலகி ஓடுவதுதான் விதி.

தூரம்தான் உயிர் காக்கும்

இரண்டாவது விதி, தூரம். கிடங்குக்கு கிடங்கு இடைவெளி விட்டு, நடுவில் ஆள் உயர மண்மேடு போடுவார்கள். சில கிடங்குகளின் கூரை மேலேயே மண்ணை கொட்டி மூடி இருப்பார்கள். பார்த்தால் சின்ன குன்று மாதிரி தெரியும். ஒன்று வெடித்தாலும் அதிர்ச்சியை மண் வாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு இடைவெளி என்பதற்கு கணக்கு இருக்கிறது. சரக்கு 8 மடங்கு ஆனால் இடைவெளி 2 மடங்கு. ஆயிரம் மடங்கு ஆனால் 10 மடங்கு. புல்காவில் 19 உயிர் போன அந்த இரவிலும் தீ ஒரே கொட்டகையோடு நின்றதற்கு இந்த இடைவெளி கை கொடுத்தது. மற்ற கொட்டகைகளுக்கும் பரவி இருந்தால் கதை வேறு.

கிடங்கை சுற்றி வீடு கட்ட தடை போடும் சட்டம் 1903-ம் ஆண்டிலேயே வந்து விட்டது. ஆனால் நடப்பது என்ன? டெல்லியை ஒட்டிய குர்கானில் விமானப்படை ஆயுத கிடங்கை சுற்றி 900 மீட்டர் தூரத்துக்கு கட்டிடம் கூடாது என்று சொல்லியும், உள்ளே காலனி காலனியாக வீடுகள் முளைத்தன. விவகாரம் கோர்ட்டு வரை போனது. மலிவாக கிடைக்கிறது என்று மனை வாங்கிய ஏழை எளியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

புல் வெட்டாததால் 400 கோடி

பெரிய பெரிய விதி எல்லாம் இருக்கட்டும். சாதாரண புல் என்ன செய்யும் தெரியுமா?

ராஜஸ்தான் மாநிலம் பரத்பூர் ராணுவ வெடிமருந்து கிடங்கில் 2000-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி காய்ந்த புல்லில் தீப்பிடித்தது. அது சரக்கு அடுக்கி இருந்த இடத்துக்கு பரவியது. ஏறத்தாழ 400 கோடி ரூபாய் மதிப்புள்ள வெடிமருந்து சாம்பல். செலவை குறைக்கிறோம் என்று 2 வருடமாக புல் வெட்டவில்லை என்ற விவரம் பிறகு வெளியானது. கூலி ஆள் வைத்து வெட்டி இருந்தால் என்ன செலவாகி இருக்கும்?

ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினி நாட்டில் 2021-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி இதே கதை. பாட்டா நகர ராணுவ முகாமை ஒட்டிய வயலில் விவசாயிகள் வைத்த தீ பரவியதுதான் காரணம் என்று அந்நாட்டு அரசு சொன்னது. முகாமில் இருந்த வெடிமருந்தும் சரியாக பராமரிக்கப்படவில்லை. அடுத்தடுத்து வெடித்ததில் சுமார் 100 பேர் பலியானார்கள்.

வெயிலில் கிடந்த 98 கன்டெய்னர்

சைப்ரஸ் நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. ஈரானில் இருந்து சிரியாவுக்கு போன கப்பலில் இருந்து 2009-ம் ஆண்டு 98 கன்டெய்னர் வெடிபொருட்களை பறிமுதல் செய்தார்கள். அதை என்ன செய்வது என்று முடிவு எடுக்காமல், கடற்படை தளத்தில் திறந்தவெளியில் அடுக்கி வைத்தார்கள். 2 வருடம் வெயிலிலேயே கிடந்தது.

அதிகாரிகள் எச்சரித்தார்கள். கூட்டம் போட்டார்கள். பேசினார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு கன்டெய்னர் உப்பி சிதைந்தது. அப்போதும் அசையவில்லை.

2011-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி மொத்தமும் வெடித்தது. கடற்படை தளபதி உள்பட 13 பேர் பலி. பக்கத்தில் இருந்த அனல் மின் நிலையம் நொறுங்கியது. நாட்டின் பாதி மின்சாரம் அங்கிருந்துதான் வந்து கொண்டிருந்தது. அப்போது ராணுவ மந்திரியாக இருந்தவருக்கு 2013-ல் 5 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

ஏற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கிடங்கில் மண்மேடு காப்பாற்றும். ரோட்டில் என்ன இருக்கிறது? அதனால் கொண்டு போகும்போது கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

பெட்டியை இழுக்கக்கூடாது, உருட்டக்கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். லாரியில் ஆடாமல் அசையாமல் கட்ட வேண்டும். புகை குழாயில் தீப்பொறி தடுப்பான், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பு கருவி, வெளியே எச்சரிக்கை பலகை. லாரிக்கும் லாரிக்கும் இடைவெளி. சரக்கோடு ஊருக்குள் நிறுத்தி டீ குடிக்க போகக்கூடாது.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையே சாட்சி. 2-ம் உலகப்போர் சமயம். 'போர்ட் ஸ்டைக்கின்' என்ற கப்பல் சுமார் 1,400 டன் வெடிபொருட்களோடு மும்பை துறைமுகத்துக்கு வந்தது. அதே கப்பலில் கராச்சியில் ஏற்றிய பஞ்சு பொதிகள், எண்ணெய், மரம். வெடிபொருள் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு கொடி கூட ஏற்றவில்லை. இறக்குவதிலும் தாமதம்.

1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி பிற்பகல் பஞ்சில் தீப்பிடித்தது. அடுத்தடுத்து 2 முறை வெடித்ததில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அணைக்க போன தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். வருடா வருடம் ஏப்ரல் 14-ல் நம்ம ஊர் தீயணைப்பு நிலையத்தில் தீத்தொண்டு நாள் அனுசரித்து, துண்டு பிரசுரம் கொடுக்கிறார்களே, அது இவர்கள் நினைவாகத்தான்.

அழிப்பதுதான் ஆபத்தான கட்டம்

காலாவதி குண்டை என்ன செய்வது? ஒரு காலத்தில் கடலில் கொட்டினார்கள். உலகப்போர் முடிந்து பால்டிக் கடலில் கொட்டிய ரசாயன குண்டுகள் பிறகு மீனவர் வலையில் ஏறி, தொட்டவர்களின் உடம்பை பொசுக்கியது. 1972-ல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் கடலில் கழிவு கொட்டுவதற்கு கடிவாளம் போட்டது.

இப்போது பொதுவாக நடப்பது, ஆள் இல்லாத இடத்தில் குழி தோண்டி, அளவாக அடுக்கி, தூரத்தில் இருந்து வெடிக்க வைப்பது. வெடிக்கவில்லை என்றால் உடனே எட்டிப்பார்க்கக்கூடாது. குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். வெடித்த பிறகும் தப்பி சிதறியது எதுவும் கிடக்கிறதா என்று அடி அடியாக தேட வேண்டும்.

இன்னொரு வழி, குண்டை பிரித்து மருந்தை தனியே எடுப்பது. டி.என்.டி. சுமார் 80 டிகிரியில் உருகும். எனவே நீராவி காட்டி உருக்கி வடித்து விடலாம். ஆனால் அந்த கழிவு நீரை சும்மா விட்டால் கிணற்று தண்ணீர் கெட்டு விடும். அதையும் சுத்திகரிக்க வேண்டும்.

2018-ம் ஆண்டு நவம்பர் 20-ந்தேதி. மறுபடியும் அதே புல்காவ். அழிக்க கொண்டு வந்த பழைய குண்டு பெட்டிகளை லாரியில் இருந்து இறக்கும்போது வெடித்து 6 பேர் பலியானார்கள். செத்தவர்களில் பலர் பக்கத்து கிராம கூலி தொழிலாளர்கள். ஒரு நாள் கூலிக்கு வந்தவர்களுக்கு பெட்டிக்குள் இருப்பது எந்த ரகம், எப்படி தூக்க வேண்டும் என்று யாராவது உட்கார வைத்து சொல்லி கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி.

வேலிக்கு வெளியே நாம்

ராணுவ சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று விட முடியாது. உத்தரபிரதேச மாநிலம் சாகிபாபாத்தில் 2004-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந்தேதி ஒரு உருக்காலையில் வெடித்து 10 பேர் இறந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த பழைய இரும்போடு போர்க்கள குண்டும் கலந்து வந்திருந்தது. அதன் பிறகுதான் பழைய இரும்பு இறக்குமதிக்கு கெடுபிடி வந்தது. நம்ம கும்மிடிப்பூண்டி பக்கமும் பழைய இரும்போடு ராக்கெட் குண்டுகள் வந்து பரபரப்பானது உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் அனுமந்தபுரம் மாதிரி சுடும் பயிற்சி தளம் இருக்கும் ஊர்களில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் கண்ணில் குண்டு படுவதும் நடக்கிறது.

பித்தளை கிலோ என்ன விலை என்று கணக்கு போட்டு எடுத்து வந்து சுத்தியலால் தட்டினால் அவ்வளவுதான். துரு பிடித்து இருந்தால் செத்த குண்டு என்று அர்த்தம் கிடையாது. ஈரம் பட்ட பழைய பியூசில் பித்தளையோடு வினை புரிந்து, லேசாக தொட்டாலே வெடிக்கும் உப்பு படிந்து இருக்கலாம்.

எனவே இப்படி எதையாவது பார்த்தால்:

* தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், கல் எறியாதீர்கள்.
* வந்த வழியிலேயே திரும்பி போங்கள். குழந்தைகளை கிட்டே விடாதீர்கள்.
* இடத்துக்கு தூரத்தில் இருந்தே அடையாளம் வையுங்கள்.
* 100 அல்லது 112-க்கு போன் செய்யுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள்.
* காயலாங்கடைக்காரர்கள், வாய் மூடிய உருளை எது வந்தாலும் வெட்டாமல் போலீசுக்கு சொல்லுங்கள்.

பரத்பூரில் புல், சைப்ரசில் வெயில், புல்காவில் கசிவு. மூன்றுமே முன்கூட்டியே கண்ணுக்கு தெரிந்த ஆபத்துக்கள்தான். இன்றைக்கு செய்ய வேண்டியதை நாளைக்கு என்று தள்ளியதற்கு தீயணைப்பு ஊழியரும், கூலி தொழிலாளியும், பக்கத்து ஊர்க்காரரும் உயிரை கொடுத்து இருக்கிறார்கள்.