பீரின் வீரியம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகும் ஆலைகளின் பெருமையைப் பேசாதவர் இல்லை. அந்த வட்டாரத்துக்குச் சற்று வடக்கே, திருவள்ளூரை அடுத்த அரண்வாயலில், ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரையே பிரதான தொழிலாளியாகக் கொண்டு பீர் தயாராவதைக் கவனிப்பவர் சிலரே. நம் தேசத்தில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி, 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை மதுசாரம் கொண்ட ‘ஸ்ட்ராங்’ ரகமே ஆதலால், அந்த வீரியம் எவ்வாறு ஏற்றப்படுகிறது என்பது அறியத்தக்க விஷயம்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இறக்கும் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ, அதைப் பொறுத்ததே பிற்பாடு கிடைக்கும் மதுசாரம். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவதுபோல, இங்கே ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கிறார்கள். தொடக்கத்தில் 1.048 ஆக இருந்தது நொதித்து முடிந்தபின் 1.012 ஆக இறங்கினால், அந்த வித்தியாசத்தை 131-ஆல் பெருக்க, மதுசாரம் ஏறக்குறைய 4.7 சதவீதம் என்று தெரியும்.

அப்படியானால் 20 லிட்டர் சாற்றில் ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்துவிட்டால் என்ன? வீரியம் சுமார் மூன்று சதவீதம் ஏறத்தான் செய்யும். ஆனால் வெறும் சர்க்கரையை ஈஸ்ட் மிச்சமின்றித் தின்று தீர்த்துவிடுவதால், பானம் நீர்த்துப்போய் நாவில் நிற்காது. பார்லியிலிருந்து வந்து, ஈஸ்டுக்குச் செரிக்காமல் எஞ்சும் மாவுப் பதார்த்தங்களே பீருக்குக் கனம் தருபவை. ஆகவே நல்ல தயாரிப்பாளர் பார்லியையே கூட்டி, மிகும் இனிப்புக்கு ஈடாகக் கசப்பூட்டும் ஹாப்ஸையும் கூட்டுவார். மலிவை உத்தேசித்துச் சர்க்கரையின் பக்கம் சாய்வது, என் அபிப்பிராயத்தில், பீரை அவமதிப்பதாகும்.

இதைவிட நுட்பமானது ஈஸ்டின் பாடு. அடர்ந்த சர்க்கரைக் கரைசல் அதன் உடலிலிருந்து நீரை உறிஞ்சி வருத்துகிறது; தான் உண்டாக்கிய மதுசாரமே கடைசியில் அதற்கு விஷமாகிறது. ஆதலால் வீரியமான பீருக்கு ஈஸ்டைத் தாராளமாக இட்டு, ஆரம்பத்திலேயே சாற்றில் பிராணவாயுவைக் கலக்க வேண்டும். உஷ்ணத்தையும் அடக்கியாக வேண்டும்: லாகர் ரகத்துக்கு 10 முதல் 12 டிகிரி போதும்; நம் கோடையின் 35 டிகிரியில் விட்டால் நெடியடிக்கும் வேறுவகை ஆல்கஹால்கள் சேர்ந்து குடிக்கத் தகாததாகிவிடும்.

இங்கிலாந்தில் 1963 முதல் உரிமமின்றியும், அமெரிக்காவில் 1978-ல் இயற்றிய சட்டத்தின் பேரிலும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கிறார்கள். 1937-ல் பிறந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலிலிருக்கும் தமிழ்நாட்டில் அது குற்றம். வீட்டில் தயாரிப்பவர்களுள் அவசரக்காரர்களுக்கு நேரும் விபத்து ஒன்றுண்டு: சர்க்கரை தீருமுன் பாட்டிலில் அடைத்தால், ஈஸ்ட் உள்ளேயே வேலையைத் தொடர, கரியமிலவாயு பெருகிப் பாட்டில் வெடித்துச் சிதறும்; ஆகையால் ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரே எண்ணைக் காட்டும்வரை, விவரம் தெரிந்தவர்கள் மூடி போடுவதில்லை.