கானா பயணம்: 14 நாளுக்கு ஒரு பாதுகாப்புக் கணக்கு

மேற்கு ஆப்பிரிக்கா என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அங்கே வழிப்பறி அதிகமாமே?" என்பதுதான். கானாவிலும் திருட்டு உண்டு, கவனம் வேண்டும். ஆனால் பயணியின் உயிருக்கு உலை வைப்பவை பெரும்பாலும் கொசுவும் சாலையும்தான். இரண்டுக்கும் புறப்படும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். அக்ரா, கேப் கோஸ்ட், குமாசி என 14 நாள் சுற்றிவரும் ஒருவருக்கான கணக்கு இது.

தடுப்பூசி: 1

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. 9 மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் இது பொருந்தும். அளவு 0.5 மி.லி., ஒரே தவணை. போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். கட்டணம் 300 ரூபாய் அளவில். சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவரை இந்தியாவில் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். 60 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

மாத்திரை: 23 அல்லது 44 அல்லது 8

2023-ல் உலகில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 5,97,000 பேர். அதில் 95 விழுக்காடு ஆப்பிரிக்காவில். கானாவில் எல்லாப் பகுதியிலும், எல்லா மாதத்திலும் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையில் மூன்று வழி இருக்கிறது.

அடோவகுவோன்-புரோகுவானில்: முன்னே 2 நாள், அங்கே 14, திரும்பி 7. மொத்தம் 23. மூன்றில் விலை கூடியது.

டாக்சிசைக்ளின்: முன்னே 2, அங்கே 14, திரும்பி 28. மொத்தம் 44. விலை குறைவு, வெயில் பட்டால் சிலருக்குத் தோல் சிவக்கும்.

மெஃப்ளோகுவின்: வாரம் ஒன்று. முன்னே 2, அங்கே 2, திரும்பி 4. மொத்தம் 8. வலிப்போ மனநலப் பிரச்சினையோ இருந்தவர்களுக்கு ஆகாது.

எது யாருக்கு என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஊர் திரும்பிய மறுநாளே மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் ஆபத்தான சிக்கனம். அந்த 7 அல்லது 28 நாள் மாத்திரையையும் விடாமல் முடிக்க வேண்டும்.

மலேரியாவைப் பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். எனவே 14 இரவுக்கும் கொசுவலை, முழுக்கைச் சட்டை, 20 விழுக்காட்டுக்குக் குறையாத டீட் கலந்த கொசுவிரட்டிக் களிம்பு.

சாலை: 620 கி.மீ.

அக்ராவிலிருந்து கேப் கோஸ்ட் சுமார் 150 கி.மீ., அங்கிருந்து குமாசி 220, குமாசியிலிருந்து அக்ரா 250. கானாவில் 2021-ல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 2,924 பேர், அதாவது நாளுக்கு 8 பேர். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் எண்ணிக்கை 2,000-க்குக் கீழே இறங்கவில்லை.

இரவுப் பேருந்தில் ஏறிப் படுத்து, விடிந்ததும் இறங்குவது நமக்குப் பழக்கம். கானாவில் அது வேண்டாம். ஆண்டு முழுவதும் மாலை 6 மணி வாக்கில் இருட்டிவிடும். விளக்கில்லாத நெடுஞ்சாலையில் பழுதான லாரி ஓரமாக நிற்பது அருகே வந்த பிறகுதான் தெரியும். வழிப்பறி பயமும் இரவில்தான் கூடுதல். ட்ரோட்ரோ எனப்படும் சிற்றுந்து, ஆள் நிறைந்த பிறகே நகரும். பகல் 2 மணிக்கு ஏறி உட்கார்ந்தாலும் 4 மணிக்குத்தான் கிளம்பலாம். பாதி வழியில் இருட்டிவிடும். ஆகவே நேரம் குறித்துக் கிளம்பும் பேருந்தில், காலையில், சீட் பெல்ட் போட்டுச் செல்லுங்கள். மூன்று பயணத்துக்கு மூன்று பகல் செலவு. ஊர் பார்க்க மிஞ்சுவது 11 நாள். அந்த மூன்று நாள் வீண் இல்லை.

தண்ணீர்: 84 பை

நாளுக்கு 3 லிட்டர் வீதம் 42 லிட்டர். தெருவெங்கும் விற்பது 500 மி.லி. பிளாஸ்டிக் பை. மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சுவார்கள். கடிக்கும் முன் அந்த மூலையைத் துடைத்துவிடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும்.

1965-ல் கட்டி முடித்த அகோசோம்போ அணையால் உருவான வோல்டா ஏரியின் பரப்பு சுமார் 8,500 சதுர கி.மீ. அங்கே குளிக்க ஆசை வரும். அந்த நீரிலுள்ள நத்தைக் காய்ச்சல் புழு தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். கடலிலோ இழுப்பு நீரோட்டம் வலுவானது; முழங்கால் அளவு நீரோடு நின்றுவிடுங்கள்.

பணம்: முன்பணம் 0

மலிவுத் தங்கம் என்று யார் சொன்னாலும் முன்பணம் தராதீர்கள். உள்ளூர்ச் சந்தையில் தங்கம் வாங்கி விற்பதிலிருந்து வெளிநாட்டவர் 2025 ஏப்ரல் 30-க்குள் விலக வேண்டும் என்று அந்நாட்டுத் தங்க வாரியமே உத்தரவிட்டது. பாஸ்போர்ட் நகல் இரண்டு, அவசர எண் 112, மருத்துவ இடமாற்றத்தையும் ஏற்கும் காப்பீடு ஒன்று கையில் இருக்கட்டும்.

கடைசி வரி: 3 மாதம்

வீடு திரும்பியும் 3 மாதம் வரை கணக்கு முடியாது. சென்னையில் அதிகம் காண்பது வைவாக்ஸ் மலேரியா. கானாவில் பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபேரம். சிகிச்சை தாமதித்தால் 24 மணி நேரத்தில்கூட அது உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் கேட்கும் முன்பே, "நான் கானா போய் வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள்.