ஊர் பெயர் சொல்லாத எண்

பழைய வாக்காளர் அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். டிஎன், ஒரு சாய்கோடு, நாடாளுமன்றத் தொகுதி எண், இன்னொரு சாய்கோடு, சட்டமன்றத் தொகுதி எண், கடைசியில் ஏழு இலக்க வரிசை எண். பழைய ரேஷன் கார்டிலும் முதல் இரண்டு இலக்கம் மாவட்டம். விவரம் தெரிந்த கிளார்க் நம்பரைப் பார்த்தே, "நீங்க தருமபுரிப் பக்கமா?" என்பார். எண்ணே முகவரியாக இருந்த காலம் அது.

முகவரிதான் நிற்கவில்லை. தீர்த்தமலையையே பாருங்கள். மலையும் தீர்த்தகிரீஸ்வரர் கோயிலும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஊர் ஒரு காலத்தில் சேலம் ஜில்லா, ஊத்தங்கரை தாலுக்கா. 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது. இன்று ஊர் அரூர் வட்டத்தில் இருக்கிறது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது ஊத்தங்கரை அந்த மாவட்டத்தோடு போய்விட்டது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் பக்கத்து மொரப்பூர் தொகுதியே இல்லாமல் போனது. அரூருக்கு 61 என்று எண் வந்தது. பழைய அட்டைகளில் அச்சான தொகுதி எண்ணோ அப்படியே இருந்தது, பொய்யாக.

இன்றைய வாக்காளர் எண் மூன்று எழுத்து, ஏழு இலக்கம். 2017-ல் வந்த ஸ்மார்ட் ரேஷன் கார்டுக்கு 12 இலக்கம். ஆதார் இன்னும் ஒரு படி மேல்: ஊர், வயது, சாதி எதுவும் தெரியாதபடி குலுக்கிப் போட்ட எண். கடைசி இலக்கம் மட்டும் தட்டச்சுப் பிழையைப் பிடிக்க.

டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாகப் பிரைமரி கீ, அதாவது சாவி, போடுகிறவர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். அன்று மாவட்டக் குறியீடு, வட்டக் குறியீடு, கிராமக் குறியீடு, வரிசை எண் நான்கையும் கோத்துச் சாவி செய்தார்கள். அரூரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி தனி வட்டமாகப் பிரிந்தது போல ஒன்று நடந்தால், அந்தச் சாவியைச் சுட்டும் எல்லா டேபிளிலும் எல்லா வரியையும் மாற்ற வேண்டும். டேபிள் வரிகளை நிரலில் பொருள்களாக ஏற்றித் தரும் ஹைபர்னேட் போன்ற ஓஆர்எம் கருவிகளுக்கு இது ஆகவே ஆகாது. ஏற்றி வைத்த ஒரு பொருளின் ஐடியை நடுவில் மாற்றினால் பிழை சொல்லி நின்றுவிடும்.

அடுத்து வந்த வழக்கம், இருப்பதிலேயே பெரிய எண்ணைப் படித்து ஒன்று கூட்டுவது. இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் இருவருக்கும் ஒரே எண். இன்றும் சில திட்டங்களில் இதைப் பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது.

எண் கொடுக்கும் வேலையை டேட்டாபேஸிடமே விட்டதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஐடென்டிட்டி முறையில் வரி உள்ளே போன பிறகுதான் எண் தெரியும். அதனால் ஹைபர்னேட்டால் நூறு வரிகளைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்ப முடியாது. சீக்வென்ஸ் முறை வேறு. கோயில் கவுன்ட்டருக்கு அர்ச்சனைச் சீட்டைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பது போல, ஜாவாவின் ஜேபிஏ முறையில், வேறு சொல்லாவிட்டால், ஒரு தடவைக்கு 50 எண் வாங்கி வைத்துக்கொள்ளும். நடுவில் சர்வர் நின்றால் மிச்ச எண்கள் வீண். ஆடிட்டர் கேட்பார்: "நடுவுல நம்பர் எங்கே சார்?" எங்கேயும் இல்லை. இந்த எண் இன்னொரு வரிக்கு வராமல் இருந்தால் போதும், தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ரசீதுக்குத் தொடர் எண் வேண்டுமென்றால் அதற்குத் தனி நெடுவரிசை.

32 பிட் எண் 2147483647-ல் முடிந்துவிடும் என்பதால், இணையதளம் கட்டும் ஜாங்கோ கருவி 2021-ல், 3.2 பதிப்பிலிருந்து, புதுத் திட்டங்களுக்குப் பெரிய எண்ணையே கொடுக்கிறது. சிக்னல் எடுக்காத இடத்தில் கைபேசியே எண் போட வேண்டுமென்றால் 128 பிட் யூயூஐடி இருக்கிறது. முழுக்கக் குலுக்கியதாக இருந்தால் இண்டெக்ஸ் சிதறும். அதனால் நேரத்தை முன்னால் வைக்கும் ஏழாம் வகை 2024-ல் தரமானது.

இவ்வளவும் புதிது என்று நினைக்க வேண்டாம். கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கையில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் படியெடுத்த ஆண்டும் ஒரு வரிசை எண்ணும்தான் அடையாளம். அதில் ஜில்லா கிடையாது. சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்த பிறகும் ஆய்வாளர்கள் அதே எண்ணைத்தான் அடிக்குறிப்பில் போடுகிறார்கள்.

நிலம் மட்டும் பழைய வழியில்தான் இருக்கிறது. ஆன்லைனில் பட்டா பார்க்க மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகுதான் பட்டா எண்ணோ சர்வே எண்ணோ கேட்கும், ஏனென்றால் எண்வரிசை ஊருக்கு ஊர் தனி. உட்பிரிவு செய்தால் சர்வே எண்ணும் வால் முளைத்து மாறும். இந்த எண்களைத் தூக்கி எறியவும் முடியாது. ஊர் சொல்லாத ஊமை எண்ணை மட்டும் நம்பினால் ஒரே வயல் இரண்டு தடவை பதிவாகும். நில விவரத்துக்கு மென்பொருள் எழுதும் தம்பி, தங்கைகளே, கிராமத்தோடு சேர்த்து சர்வே எண்ணுக்கு யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். ஆனால் அதையே ஐடி ஆக்கிவிடாதீர்கள்.