விரல் பழக்கம் இருக்கட்டும், கோப்பு மாறட்டும்

பதுளை என்று பாமினி எழுத்துருவில் தட்டினால் கணினிக்குள் பதிவாவது ஜி, பெரிய ஜே, ஐ, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. பாமினி இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். பதுளை என்று தேடினாலும் அகப்படாது. எழுத்துக் குறியீட்டுத் தரமான யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்தக் குறியெண்கள் உண்டு. இது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் அல்ல, மொழி உரிமையையும் தொடுவது. 1988 இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம், பிரதேச செயலாளர் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்க வழி திறந்தது. ஊவா மாகாணத்தின் பசறை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை போன்றவை அப்படி அறிவிக்கப்பட்டவை. தோட்டத் தொழிலாளியின் பெயர் பிறப்புப் பதிவிலும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கிலும் தேடிய உடனே கிடைக்காவிட்டால், தமிழிலும் நிர்வாகம் என்ற அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

யுனிகோட்டுக்கு மாறச் சொன்னால், பாமினியில் பழகிய விரல்களைத் திருத்த முடியாது என்பதே அலுவலகங்களில் வழக்கமாகக் கேட்கும் மறுப்பு. திருத்தத் தேவையில்லை. தட்டச்சுப்பொறி வழக்கில் ‘கொஸ்லந்தை’யின் முதலெழுத்துக்குக் கொம்பு, க, கால் என மூன்று விசைகள். யுனிகோட்டில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பு விசையை அழுத்தியதும் அடுத்த எழுத்து வரும்வரை அதைப் பிடித்து வைத்து, வரிசையை மாற்றிக் கொடுப்பது மென்பொருளின் வேலை. என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை என்ற மென்பொருள்கள் இரண்டும் பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோட் தருகின்றன, இலவசமாக. இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் தட்டச்சுப்பொறி வழி வந்ததே. கிரந்த விசைகளில் கூடுதல் கவனம் வேண்டும். 2005 இல் யுனிகோட்டில் ஶ சேர்ந்தபின், ஸ்ரீ என்பதை ஸ கொண்டும் ஶ கொண்டும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடலில் ஸ்ரீதரன் இரண்டு பேராகிவிடுவார். எந்த விசை எதைப் பதிய வேண்டும் என்று அலுவலகங்களெல்லாம் ஒரே முடிவெடுப்பது அவசியம்.

பாமினிக் கோப்பை யுனிகோட்டாக்கும் மாற்றிகள் இருக்கின்றனவே, பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த கடிதத்தில் எது உண்மையான ஆங்கிலம், எது வேடமிட்ட தமிழ் என்று மாற்றிக்குத் தெரியாது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் ஆங்கில எழுத்தையும் தமிழாக்கிவிடும். கைபேசியில் ஒலிவழியே தட்டும் இளையவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அவர்கள் ஏற்கெனவே யுனிகோட்டில்தான் எழுதுகிறார்கள். பின்தங்கியிருப்பவை அலுவலகக் கணினிகள். ஊவாவின் பிரதேச செயலகங்களும் தோட்ட அலுவலகங்களும் பாடசாலைகளும் இனிப் புதிய கோப்பு எதையும் பாமினி எழுத்துருவில் தொடங்கக் கூடாது.