வயதைக் குறைத்தலும் கூட்டலும்

ரயில்வேயில் பயணச் சீட்டு வழங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன் நான். நாகபுரியில் வாழும் நம்மவருள் பலர், கோடை விடுமுறைக்கு ஊர் புறப்படுமுன் என் முகத்தைக் கண்ணாடிக்கு அப்பால் கண்டிருக்கக் கூடும். அந்த ஜன்னலில் நாள்தோறும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "குழந்தைக்கு வயது என்ன?"

ரயில்வேயின் கணக்கு எளியது. ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமெனில் கட்டணம் இல்லை. ஐந்து நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாதவர்க்கு அரைக் கட்டணம். அவர்க்கும் தனிப் படுக்கை வேண்டுமெனில், 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். பன்னிரண்டு நிரம்பியவர் எங்கள் ஏட்டில் பெரியவரே. இந்தக் கேள்விக்கு விடை கூறுமுன் தந்தையர் சிலர் சற்றே தயங்குவதைப் பன்முறை கண்டிருக்கிறேன். மீசை அரும்பத் தொடங்கிய பையன் பக்கத்தில் நிற்பான். "பதினொன்று" என்பார் தந்தை. பையன் தரையைப் பார்ப்பான். 1962இல் வெளிவந்த 'ஹாஃப் டிக்கெட்' என்னும் ஹிந்திப் படத்தில், கிஷோர் குமார் குழந்தை வேடம் பூண்டு அரைச் சீட்டில் பயணம் செய்யும் வேடிக்கையை நம்மில் பலரும் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இவ்வாறு வயதைக் குறைப்போரைப் பற்றி என் உள்ளத்தில் ஓர் இளக்காரம் இருந்து வந்தது. நானே என் மகளின் வயதைக் கூட்டி எழுதும் நாள் ஒன்று வரும் என்று நான் எண்ணியதில்லை.

என் மூத்த மகளுக்கு வயது பதினொன்று. பிறந்தது கும்பகோணத்தில், வளர்ந்தது இங்கே ரயில்வே குடியிருப்பில். பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் ஹிந்தியும் மராத்தியும், வீட்டுக்குள் மட்டும் தமிழ் என்பது அவள் நிலை. நம் சங்கத்தார் வீடுகளில் பெரும்பாலும் இதே நிலைதான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். எழுதச் சொன்னாலோ ஆயிரம் சாக்குகள் பிறக்கும்.

சென்ற ஆண்டு மார்கழியில், ஊரிலுள்ள அவளுடைய அத்தை மகள், தான் இடும் கோலங்களைப் படமெடுத்துச் சமூக ஊடகம் ஒன்றில் நாள்தோறும் வெளியிட்டு வந்தாள். தானும் அவ்வாறு செய்ய வேண்டும் என்று என் மகள் பிடிவாதம் பிடித்தாள். என் கைப்பேசியில் இருவரும் அமர்ந்து அவள் பெயரில் கணக்குத் தொடங்கினோம். பிறந்த தேதியைக் கேட்டது. உண்மையை எழுதினோம். கணக்குத் தர இயலாது என்று விடை வந்தது.

"அப்பா, என் வகுப்பில் எல்லாரும் வேறு தேதி போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றாள்.

நான் பிறந்த ஆண்டில் ஒன்பதைக் குறைத்து எழுதினேன். பதினொரு வயதுக் குழந்தை ஒரு நொடியில் இருபது வயது மங்கையானாள். கதவு திறந்தது.

அதனால் நன்மையே விளையவில்லை என்று கூறினால் அது பொய். வீட்டு வாசலின் சிமெண்டுத் தரையில் ஏழு புள்ளி, ஏழு வரிசை என்று கோலமிடுவாள். படத்தின் கீழே "நேர்ப்புள்ளிக் கோலம், எனக்குப் பாட்டி சொல்லிக் கொடுத்தது" என்று தமிழிலேயே எழுதுவாள். எவர் வற்புறுத்தலும் இன்றி அவள் எழுதிய முதல் தமிழ் அதுதான். நான் உள்ளம் பூரித்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் இரவு என் மனைவி அக்கணக்கில் ஒரு செய்தியைக் கண்டாள். முன்பின் அறியாத ஆடவன் ஒருவன் ஹிந்தியில் எழுதியிருந்தான். கோலத்தைப் புகழ்ந்து தொடங்கியவன், நான்கு நாட்களில், நீ எந்தப் பகுதியில் இருக்கிறாய், வீட்டில் தனியாக இருப்பது எப்போது என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டான். குழந்தை நல்லவேளையாக இதற்கு விடை எழுதவில்லை. நான் சினத்துடன், "இப்படிப்பட்டவனிடம் ஏன் பேசினாய்?" என்று கேட்டேன். அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு இருபது வயது என்று நீங்கள்தானே அப்பா எழுதினீர்கள்? அவர் அப்படித்தானே நினைத்திருப்பார்?" என்றாள்.

அரைச் சீட்டு ஜன்னலில் தரையைப் பார்க்கும் பையனின் நினைவு எனக்கு அப்போது வந்தது. இம்முறை தரையைப் பார்த்தவன் நான்.

பெரும் படிப்புப் படித்தவன் அல்லேன். பத்தாம் வகுப்பு முடித்து வேலைக்கு வந்தவன். ஆயினும் அன்றிலிருந்து, இந்த வயது வரம்பு என்பது யாது, அஃது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்து வந்தேன். அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

சமூக ஊடக நிறுவனங்கள் பல, பதின்மூன்று நிரம்பாதவர்க்குக் கணக்கு இல்லை என்கின்றன. இந்த எண்ணுக்கு மூலம் அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம். பதின்மூன்று நிரம்பாத குழந்தையைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவதாயின் பெற்றோர் ஒப்புதல் பெற வேண்டும் என்று அது விதித்தது. ஒப்புதல் பெறும் தொல்லையைக் காட்டிலும், அவ்வயதினரே வேண்டாம் என்று எழுதி வைப்பது நிறுவனங்களுக்கு எளிதாயிற்று. ஆனால் வாயிலில் காவல் இல்லை. பிறந்த தேதியை எழுதினால் போதும். எழுதியதே உண்மை என்று கொள்ளப்பட்டது.

இந்த வழக்கத்தை மாற்ற முனைந்த நாடு ஆஸ்திரேலியா. அந்நாட்டுப் பாராளுமன்றம் 2024 நவம்பரில் இயற்றிய சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயது நிரம்பாதவர் கணக்கு வைத்திராதபடி நிறுவனங்களே தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். தவறினால் 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தண்டனை எதுவும் இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட், டிக்டாக், எக்ஸ், யூட்யூப் முதலிய பத்துத் தளங்கள் தொடக்கத்தில் இதற்குள் வந்தன. முதல் சில வாரங்களிலேயே ஏறத்தாழ 47 லட்சம் கணக்குகள் நீக்கப்பட்டன அல்லது முடக்கப்பட்டன என்று அந்நாட்டு அதிகாரிகள் 2026 ஜனவரியில் அறிவித்தனர். சூழ்ச்சி செய்து நுழையும் பிள்ளைகள் அங்கும் இருக்கவே செய்வர். சீட்டின்றிப் பயணம் செய்வோர் உண்டு என்பதற்காக ரயில்வே பரிசோதனையைக் கைவிட்டதா?

இச்சட்டத்தில் என் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, அது தடுப்பது கணக்கு வைத்தலையே அன்றிக் காண்பதை அன்று. கணக்கு இல்லாமல் யூட்யூபில் பாடமோ பாட்டோ பார்ப்பதற்கு அங்கே தடை இல்லை. இந்த வேறுபாடு சிறியது போலத் தோன்றும்; சிறியதன்று. கணக்கு என்று ஒன்று இருந்தால், குழந்தை எந்தப் படத்தின் முன் எத்தனை வினாடி நின்றாள் என்பதைக் குறித்து வைத்து, அதே போன்றவற்றை ஓயாமல் அவள் முன் கொட்டுவது எளிது. கணக்கு இருந்தால்தான் முகம் அறியாதவன் அவளுக்குச் செய்தி அனுப்பவும் இயலும். மற்றொன்று, வாட்ஸ்அப் போன்று செய்தி அனுப்பவும் பேசவும் மட்டுமே உதவுபவை அந்தத் தடைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. உறவினரோடு பேசும் முற்றம் வேறு, ஊரார் கூடும் சந்தை வேறு என்பதை அச்சட்டம் உணர்ந்திருக்கிறது.

நம் நாட்டின் நிலை யாது? 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு நிரம்பாதவர் அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல், அதுவும் சரிபார்க்கத்தக்க ஒப்புதல், வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடா. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் இக்கடமைகளை ஏற்பதற்குப் பதினெட்டு மாதத் தவணை அப்போது குறிக்கப்பட்டது. குழந்தைகளின் கணக்குகளுக்கு வரம்பு கோரிய வழக்கொன்றை 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், இது அரசின் கொள்கைக்கு உரியது என்று கூறி ஏற்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியச் சட்டத்தைப் போன்ற ஒன்றை மைய அரசு எண்ணிப் பார்க்கலாம் என்றது.

ஆஸ்திரேலியா வாயிற்காவலை நிறுவனத்தின் தலையில் ஏற்றியது. நம் 2023 சட்டமோ வாயிலின் திறவுகோலைப் பெற்றோர் கையில் வைக்கிறது. அந்தப் பெற்றோரே பொய்த் தேதி எழுதினால் என்னாகும்? பதின்வயதினரின் கணக்கு என்று அறிந்தால், அதை மறைவாக வைத்து, அறியாதவர் செய்தி அனுப்ப இயலாதபடி சில நிறுவனங்கள் தாமே தடுக்கின்றன. என் மகள் இருபது வயதினள் என்று நான் எழுதியதால், அந்தத் தடுப்பு எதுவும் அவளுக்குக் கிட்டவில்லை. அரைச் சீட்டில் சொன்ன பொய் பயணம் முடிந்ததும் முடிந்துவிடும். அதில் இழப்பு ரயில்வேக்கு. கணக்கில் எழுதிய பொய் குழந்தையோடு கூடவே வளரும். அதில் இழப்பு குழந்தைக்கு.

இதைப் பற்றி என்னோடு பணியாற்றும் தமிழன்பர் ஒருவரிடம் கூறினேன். அவர் ஒப்பவில்லை. "ஊரிலுள்ள பிள்ளைகளுக்குத் திண்ணை உண்டு, தெரு உண்டு, கோயில் திருவிழா உண்டு. இங்கே நம் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் காதில் விழ வேண்டுமானால் கைப்பேசிதான் கதி. அதையும் பூட்டிவிட்டால் அடுத்த தலைமுறையில் தமிழ் எங்கே?" என்றார். இக்கேள்வியை நான் எளிதில் தள்ளவில்லை. என் மகள் தானாக எழுதிய தமிழ் அந்தக் கணக்கில்தான் பிறந்தது என்பதை மறக்க என்னால் இயலாது. ஆனால் அவள் எழுதியது யாருக்காக? அத்தை மகளுக்காகவும் பாட்டிக்காகவுமே. அவர்கள் இருவரையும் அடைவதற்கு, உலகம் முழுவதும் உற்றுப் பார்க்கும் சந்தையில் அவளை நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆகவே படங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு அக்கணக்கை நீக்கினேன். இரண்டு நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நான் செய்தது தவறு என்பதை அவளிடமே ஒப்புக்கொண்டேன். இப்போது தாயின் கைப்பேசியிலுள்ள குடும்பக் குழுவில் கோலங்களை அனுப்புகிறாள். முகமறியாதார் நூறு பேர் தந்த பாராட்டு அங்கே கிடைப்பதில்லை. அந்த ஏக்கம் அவளுக்கு இன்னும் உண்டு. பாட்டியோ, "மூன்றாவது வரிசையில் இழை கோணல், அழித்துப் போடு" என்று குரலில் பதிந்து அனுப்புகிறார். அவளும் முணுமுணுத்துக்கொண்டே அழித்துப் போடுகிறாள்.

சங்கத்து அன்பர்களிடம் சில கூறி முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு இருப்பின், அதில் எழுதியுள்ள பிறந்த தேதியை இன்று இரவே பாருங்கள். பொய்யெனில் திருத்துங்கள், திருத்தினால் கணக்கு மூடப்படும் எனின், மூடப்படட்டும். தகாத செய்தி வந்தால் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை மறைப்பாள். அச்செய்தியை அழிக்காமல் வைத்துக் காவல்துறையிடம் காட்டுங்கள். குழந்தைகளுக்கு உதவி வேண்டின் 1098 என்னும் எண் இருக்கிறது.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. "எல்லாருக்கும் இருக்கிறது" என்பதே நம் பிள்ளைகளின் வாதம். தனியொரு தந்தை இதற்கு விடை கூற இயலாது. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீட்டார் அனைவரும் கூடி, எந்த வயது வரை கணக்கு வேண்டாம் என்று ஒருமித்து முடிவு செய்தால், அந்த வாதம் நம் பிள்ளைகளிடையேனும் வலுவிழக்கும். அத்துடன், பிள்ளைகளின் கோலங்களுக்கும் கதைகளுக்கும் இவ்விதழில் இரண்டு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்கிறேன். அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் இதனைப் பேச எனக்குப் பத்து நிமிடம் தருவதாகச் செயலாளர் கூறியிருக்கிறார். அன்பர்கள் தவறாது வருதல் வேண்டும். பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக.